அழகா, ஓட்டமா?

அழகு பெரிதா, ஓட்டம் பெரிதா என்கிற வழக்கு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. மோட்டார் காரைக் கண்ணால் காண்பதற்கு முன்பே எங்கள் முன்னோர்கள் நாய்களை வைத்து அதை ஆரம்பித்துவிட்டார்கள். ராஜபாளையம் நாய் ஒரு கட்சி. சிப்பிப்பாறை நாய் எதிர்க்கட்சி. ராஜபாளையம் என்றால் அப்பழுக்கில்லாத பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, ஜமீன் வாசலில் நிற்கவே பிறந்தது போன்ற கம்பீரம். 2005-ஆம் வருஷம் இந்தியத் தபால் இலாகா அதற்குத் தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்தது. சிப்பிப்பாறைக்கு அந்த ஜோடனையெல்லாம் கிடையாது. ஒட்டிய வயிறும் நீண்ட முகமும் குச்சிக் கால்களுமாக அது கரிசல் காட்டில் முயலைத் துரத்தும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். வன்னியம்பட்டியில் நான் சிறுவனாக இருந்த நாளில், இரண்டு கட்சிக்காரர்களும் டீ ஆறிப்போவது தெரியாமல் வாதாடக் கேட்டிருக்கிறேன். வெள்ளை நிறத்துக்காகவே ஜோடி சேர்த்துச் சேர்த்து வளர்த்ததில் ராஜபாளையம் குட்டிகள் பல காது கேளாமல் பிறக்கின்றன என்ற விஷயத்தை மட்டும் இரண்டு பேரும் எடுக்க மாட்டார்கள். முதல் கட்சிக்கு அது சங்கடம். எதிர்க்கட்சிக்கோ, ஊர்ப் பெருமையைக் குறைத்துப் பேசலாமா என்ற தயக்கம்.

இதே வழக்கை ஐரோப்பியர்கள் ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்து நடத்துகிறார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நம் பக்கத்தில் கார் என்றால் ஏழு பேர், இரண்டு கைக்குழந்தைகள், ஒரு மூட்டை அரிசி, வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவாப் பொட்டலம் இத்தனையும் அடங்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டே பேர்தான் உட்காரலாம். இரண்டாவது ஆசாமியும் அநேகமாக அநாவசியம். ஓட்டும் சுகத்தைத் தவிர வேறொரு உபயோகமும் இல்லாத வாகனம் அது. உபயோகமில்லாத பொருள்களின் மீதுதான் மனிதன் உயிரை வைக்கிறான் என்பதால், இந்தக் கார்களைப் பற்றி நடக்கிற வாதப் பிரதிவாதங்களுக்கு ஒரு முடிவே கிடையாது.

அழகுக் கட்சியினர் ஜாகுவாரின் நீண்ட முகத்தைக் காட்டுவார்கள்; இத்தாலியில் பினின்பரீனா பட்டறையில் பெராரிக்குச் செய்த உடல்களைக் காட்டுவார்கள். ஓட்டக் கட்சியினர் கடிகாரத்தைக் காட்டுவார்கள். எஞ்சினைப் பின்னால் வைத்துக்கொண்டு வளைவில் நண்டு மாதிரி பிடித்து ஓடும் போர்ஷே அவர்கள் தெய்வம்; எடையைக் குறைப்பதே தவம் என்றிருந்த காலின் சாப்மனின் லோட்டஸ் அவர்கள் வேதம். ஒரு கட்சி மற்றதை 'மினுக்கு' என்று ஏசும். மற்றது இதை 'ரசனையற்ற மெக்கானிக் கூட்டம்' என்று ஏசும்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். எஞ்சினைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன பாத்தியதை என்று கேட்கலாம். பாத்தியதை ஒன்றும் இல்லை. ஆனால், எந்த வழக்கிலும் சாட்சிகள் எங்கே பிறந்தார்கள், எப்படி வளர்ந்தார்கள் என்று துருவிப் பார்ப்பது கதைக்காரனின் புத்தி. அப்படித் துருவிப் பார்த்ததில், அழகையும் ஓட்டத்தையும் எதிரெதிர்க் கட்சியாக நிறுத்தியதே இந்த வழக்கின் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டறையில் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

ஜாகுவார் எக்ஸ்.கே.120 என்ற காரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தின் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்த இரவுகளில், தொழிற்சாலைக் கூரையில் தீப்பிடிக்கிறதா என்று காவல் இருப்பது என்ஜினீயர்களின் முறை வேலை. வில்லியம் ஹேன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோர் அந்தக் காவல் இரவுகளில் முதலாளி வில்லியம் லையன்ஸோடு உட்கார்ந்து, சண்டை முடிந்த பிறகு செய்யப்போகும் எஞ்சினைப் பற்றிப் பேசினார்கள். அது ஒரு பெரிய குடும்பக் காருக்காகத் திட்டமிட்ட எஞ்சின். எஞ்சின் தயார், ஆனால் அது போக வேண்டிய கார் தயாராகவில்லை. 1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சி நெருங்கிவிட்டது. எஞ்சினை ஊருக்குக் காட்டியாக வேண்டுமே என்று லையன்ஸ் சில வாரங்களில் அவசர அவசரமாக ஒரு இரட்டை இருக்கை உடலைச் செய்து அதன்மேல் மூடினார். இருநூறு கார் செய்தால் போதும் என்றுதான் எண்ணம். அலுமினியத் தகட்டை மரச் சட்டத்தின் மேல் கையால் தட்டிச் செய்ய ஏற்பாடு. கண்காட்சியில் ஜனங்கள் அந்த அழகைப் பார்த்துக் கிறங்கிப் போனார்கள். ஆர்டர் குவிந்தது. கையால் தட்டினால் கட்டாது என்று 1950-லிருந்து எஃகில் அச்சடிக்க ஆரம்பித்து, கடைசியில் பன்னிரண்டாயிரம் கார் செய்து விற்றார்கள்.

பெயரில் உள்ள 120, மணிக்கு 120 மைல் ஓடும் என்ற வாக்குறுதி. நம்பாதவர்களுக்காக 1949 மே மாதம் பெல்ஜியத்தில் ஜாபெக் என்ற ஊரின் நேர் ரஸ்தாவில் ஓட்டிக் காட்டினார்கள். 132 மைலுக்கு மேல் ஓடியது. இப்போது சொல்லுங்கள், இது அழகுக் காரா, ஓட்டக் காரா? எஞ்சின் இல்லாவிட்டால் அந்த உடலுக்குத் தேவையே ஏற்பட்டிராது. உடல் இல்லாவிட்டால் அந்த எஞ்சினை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மெர்ஸிடிஸ் 300 எஸ்.எல். காரின் கதவுகள் பக்கவாட்டில் திறப்பதில்லை. கழுகு சிறகை விரிப்பது போல மேல் நோக்கித் திறக்கும். உலகத்துச் சிறுவர்கள் எல்லோரும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைந்து பார்த்த கதவு அது. யாரோ கலைஞன் கனவில் கண்டது என்று நினைப்போம். உண்மை அதுவல்ல. 1952-ல் பந்தயத்துக்காக ருடால்ப் ஊலன்ஹாட் என்ற என்ஜினீயர் மெல்லிய எஃகுக் குழாய்களைக் கூண்டு மாதிரி பற்றவைத்து ஓர் எலும்புக்கூடு செய்தார். எடை குறைவு, பலம் அதிகம். ஆனால் கூண்டின் கம்பிகள் இடுப்பு உயரத்துக்கு எழும்பிவிட்டன. சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. வேறு வழியின்றிக் கூரையில் கீலை வைத்தார்கள். 1954-ல் நியூயார்க்கில் விற்பனைக் காராக அது அறிமுகமானபோது, அந்த நிர்ப்பந்தம் அலங்காரமாகிவிட்டது. மொத்தம் 1,400 கார்தான் செய்தார்கள். அதன் பந்தயத் தம்பியான 300 எஸ்.எல்.ஆர். காரின் கூப்பே ஒன்று 2022-ல் பதின்மூன்றரைக் கோடி யூரோவுக்கு ஏலம் போயிற்று.

1961-ல் ஜெனீவாவில் வெளிவந்த ஜாகுவார் இ-டைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழகுக் கட்சியின் குலதெய்வம் அது; 1996-ல் நியூயார்க் நவீன கலைக்கூடமே ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அதை வடிவமைத்த மால்கம் சேயர் ஓவியர் அல்ல. யுத்த காலத்தில் பிரிஸ்டல் விமானக் கம்பெனியில் இருந்தவர். காற்று எங்கே வழுக்க வேண்டும், எங்கே இடிக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு, வளைவு வளைவாக எண்களில் எழுதித் தந்தவர். தம்மை 'ஸ்டைல்காரர்' என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

ஓட்டக் கட்சியினரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஓடுவது மட்டும் ஓட்டமல்ல. நிற்பதும் அதில் சேர்த்தி. இது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரை வடம் பிடித்து இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஆனால் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுக்கிறவர்கள் நாலைந்து பேர்தான், தேர் அவர்கள் கையில். 1953-ல் பிரான்ஸ் தேசத்து லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் ஜெயித்ததற்கு எஞ்சின் மட்டும் காரணமல்ல. டன்லப் கம்பெனியார் செய்து கொடுத்த டிஸ்க் பிரேக்கும் காரணம். மற்றவர்கள் வளைவுக்கு வெகு தூரம் முன்பே காலை அழுத்த வேண்டியிருந்தபோது ஜாகுவார்காரர்கள் கடைசி நிமிஷம் வரை வேகத்தை விடவில்லை. இரண்டே வருஷம் கழித்து, 1955 ஜூன் 11-ஆம் தேதி, அதே லெமான்ஸில் முன்னால் சென்ற ஒரு காரில் மோதி மேலெழும்பிய மெர்ஸிடிஸ் ஒன்று ஜனக் கூட்டத்தின் பக்கம் விழுந்து சிதறியது. ஓட்டியவரும், பார்க்க வந்தவர்களில் எண்பது பேருக்கு மேலும் மாண்டார்கள். அந்த வருஷ முடிவில் மெர்ஸிடிஸ் பந்தயத்தை விட்டு விலகியது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. காகிதத்தில் குதிரைச் சக்தியை ஒப்பிட்டு வாதாடுகிறவர்கள் இந்தத் தேதியையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இதெல்லாம் சீமைக் கதை. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சுதந்திரம் கிடைத்த சில வருஷங்களில் நம் சர்க்கார், வெளிநாட்டில் முழுதாகச் செய்த கார்களை இறக்குமதி செய்வதற்குக் கதவை அடைத்துவிட்டது. பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றுக்கொண்டிருந்த அமெரிக்கக் கம்பெனிகளும், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்கிறவர்களுக்குத்தான் இனி இடம் என்று 1953-ல் முடிவானதும், மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. மிஞ்சியவை மூன்று வீடுகள்: கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. அதற்குமேல் ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமென்றால் நீங்கள் மகாராஜாவாக இருக்க வேண்டும். அல்லது வெளிநாட்டுத் தூதரகத்தார் கழித்துப் போட்ட காரை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்கும்போது கையில் பணத்தோடு காத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு இங்கிலீஷ் சஞ்சிகைகளின் வழவழப்புத் தாள்தான் கார். ஆகவே நம் நாட்டில் இந்த வாதம் ஐரோப்பாவைவிட உக்கிரமாக நடந்தது. கையில் இல்லாத பொருளைப் பற்றி விட்டுக்கொடுத்துப் பேச வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை அல்லவா?

வாதத்தைக் கண்ணால் பார்த்துத் தீர்த்துக்கொள்ள ஓரிடம் இருந்தது. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா ரஸ்தாவில் உள்ள சோழவரம். யுத்த காலத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட சிமிண்டு ஓடுபாதை, சண்டை ஓய்ந்ததும் சும்மா கிடந்தது. 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அங்கே பந்தயம் நடத்தினார்கள். மர நிழல் கிடையாது. புழுதிக்குக் குறைவு கிடையாது. ஆனாலும் பிப்ரவரி மாதம் வந்தால் கட்டுச்சோற்று மூட்டையோடு ஜனங்கள் சாரிசாரியாகப் போனார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோண்டல் மகாராஜா போன்றவர்கள் சீமைக் கார்களோடு வந்து இறங்கினார்கள். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, என்ஸைன் என்ற பார்முலா-1 காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார். அதே பாதையில் உள்ளூர் பியட்டும் ஹெரால்டும் அம்பாஸிடரும், இருக்கையைக் கழற்றி, பம்பரைக் கழற்றி, அங்கங்கே துளை போட்டு எடையைக் குறைத்துக்கொண்டு ஓடின. மகாராஜாவின் காரைப் பார்த்து ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். கை தட்டியது பெரும்பாலும் தங்கள் தெருவில் நிற்கிற மாதிரிக் கார்களுக்குத்தான். கோயமுத்தூர்க் கரிவரதன் அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர். பின்னால் மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்களைத் தாமே செய்து இளைஞர்களுக்குக் கொடுத்தார். 1995-ல் விமான விபத்தில் காலமானார். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை வந்த பிறகு சோழவரம் அடங்கிவிட்டது.

இப்போது அந்த ஹெரால்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

1950-களின் மத்தியில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. அவர்களுக்குக் கார் உடல்களை அச்சடித்துக் கொடுத்துவந்த கம்பெனியைப் போட்டிக்காரர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள். புதுக் காருக்கு உடல் செய்து தர மாட்டோம் என்று கையை விரித்தாகிவிட்டது. மற்ற கம்பெனிகள் எல்லாம் உடலும் சட்டமும் ஒன்றாக இருக்கும் புது முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். தலைமை என்ஜினீயர் ஹாரி வெப்ஸ்டர் பழைய முறைக்கே திரும்பினார். கீழே தனியாக ஒரு சேஸிஸ். மேலே துண்டு துண்டாக உடல். ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு சிறு பட்டறையில் செய்து வாங்கி, போல்ட்டுப் போட்டு முடுக்கிவிடலாம்.

அழகு? அதற்கு அவர் 1957-ல் இத்தாலியில் டூரின் நகரத்துக்குப் போனார். அங்கே ஜோவான்னி மிக்கெலோத்தி என்று ஒருவர். விஞாலே பட்டறைக்காக ஆரம்ப காலப் பெராரிகளுக்குக் கோடு போட்டுக் கொடுத்த கை அவருடையது. வெப்ஸ்டர் அளவுகளைச் சொன்னார். மிக்கெலோத்தி உட்கார்ந்த இருப்பில் பென்சிலை எடுத்து வரைந்து தள்ளினார். கூரிய முனைகள், மெல்லிய தூண்கள், விரிந்த கண்ணாடிகள், முன்பக்கம் முழுவதும், சக்கரத்து வளைவு உட்பட, ஒரே மூடியாகத் திறக்கும் பானெட். 1959 ஏப்ரலில் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரோடு அது வெளிவந்தது. துண்டு துண்டாகப் பூட்டுகிற கார் என்பதால் தூர தேசத்துக்குப் பெட்டியில் அனுப்பிப் பூட்டுவது சுலபம். 1961-ல் சென்னையை அடுத்த வண்டலூரில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில், 948 ஸி.ஸி. எஞ்சினோடு அதுவே வந்துவிட்டது. ஆக, பெராரிக்குப் பென்சில் பிடித்த கை வரைந்த கார், டாக்டர்களையும் மில் மானேஜர்களையும் ஏற்றிக்கொண்டு மதுரை ரஸ்தாவில் ஓட ஆரம்பித்தது.

அதோடு போயிற்றா? அந்த ஹெரால்டு சேஸிஸையே நீளம் குறைத்து, மிக்கெலோத்தியிடமே வேறு உடல் வாங்கி, இங்கிலாந்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். பணமுடையால் அதன் மாதிரி உருவத்தைத் துணி போட்டு மூடி மூலையில் தள்ளி வைத்திருந்தார்கள். 1961-ல் கம்பெனியை விலைக்கு வாங்கிய லேலண்டுக்காரர்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கையில், துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, செய்யுங்கள் என்றார்கள். 1962-ல் அது டிரயம்ப் ஸ்பிட்பயர் ஆயிற்று. யுத்தத்தில் பெயர் பெற்ற சண்டை விமானத்தின் பெயர். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் காரின் எலும்பு ஒன்று நம் கல்யாண வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை.

எலும்பு என்றால் அதன் நோயும் சேர்த்துத்தான். ஹெரால்டின் பின் சக்கரங்களை ஒரே நீள அச்சில் கோக்காமல், நடுவிலுள்ள டிபரன்ஷியலிலிருந்து இரண்டு கைகள் போலத் தனித்தனியாக மூட்டியிருந்தார்கள். குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். மேடு பள்ளத்தில் சுகமாகத் தாலாட்டும். ஆனால் வளைவில் வேகமாகப் போகும்போது பயந்துபோய்த் திடீரென்று காலை எடுத்தீர்களானால், பின்பக்கம் மேலே தூக்கி, வெளிச் சக்கரம் உள்ளுக்கு மடங்கி, டயரின் விளிம்பில் வண்டி நிற்கும். அப்புறம் வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் நீங்களும். இது ஏழை வீட்டு நோய் என்று நினைக்க வேண்டாம். சிறகுக் கதவு மெர்ஸிடிஸுக்கும், முதல் போர்ஷேக்களுக்கும் இருந்தது இதே ஜாதி அச்சுதான்.

வன்னியம்பட்டி விலக்கில் ஒரு நாள் இதைப் பற்றி நடந்த சம்வாதத்தை இங்கே குறிப்பிடலாம். ஒருவர் மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி. பழைய ஹெரால்டு ஒன்றை உயிரோடு வைத்திருக்கிறவர். மற்றவன் என்ஜினீயரிங் படித்துவிட்டு வந்த பையன். சீமைக் கார்களின் ஜாதகம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

"வண்டி அழகுதான் அண்ணாச்சி, நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா 948 ஸி.ஸி. வச்சுக்கிட்டு இத ஸ்போர்ட்ஸ் கார் வம்சம்னு சொல்றது அதிகம். இன்னைக்கு ஆட்டோகூட இத முந்திரும்."

"முந்தட்டுமே தம்பி. ஆட்டோவ இந்தச் சந்துக்குள்ள ஒரே தடவையில திருப்பு பாப்போம். நான் இதத் திருப்பிக் காட்டறேன்."

"திருப்புறது சரி. வளைவுல வாலை வீசுமே?"

"வீசும். பயந்தவனைத்தான் வீசும். வளைவுக்குள்ள காலை எடுக்காதே. எடுக்கணும்னா வளைவுக்கு முன்னாலயே எடுத்துரு. இதத் தெரிஞ்சுக்காதவனுக்கு எந்த வண்டி கொடுத்தாலும் ஒண்ணுதான்."

அண்ணாச்சி சொன்னது மிகை அல்ல. இருபத்தைந்தடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பும் கார் அது; லண்டன் டாக்ஸிக்காரர்களோடு போட்டி போடக்கூடியது என்று அந்நாளில் பேர் வாங்கியது. பையன் சொன்னதிலும் நியாயம் உண்டு. நம் ஜனங்கள் அதில் ஆறு பேர் ஏறி, டிக்கியில் மூட்டையும் அடைத்தபோது, பின் சக்கரங்கள் இரண்டும் சுமை தாங்காத எருமை மாதிரி காலை அகட்டிக்கொண்டன. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. மெக்கானிக்குகள் முகம் சுளித்தார்கள். கடைசியில் 1972-ல் அதே காரைக் கஸேல் என்று பெயர் மாற்றி வெளியிட்டபோது, வண்டலூர்க்காரர்கள் பின்னால் சாதாரண முழு அச்சையே போட்டுவிட்டார்கள். 1977-ல் கஸேலும் நின்றது. இங்கிலாந்து ஸ்பிட்பயர் 1980 வரை ஓடியது.

பிறகு கொஞ்ச காலம் கழித்து அதே தொழிற்சாலை செய்த காரியம்தான் இந்த வழக்குக்கு எனக்குக் கிடைத்த முக்கியமான சாட்சி.

1968-ல் பெராரி, டேட்டோனா என்று ஜனங்கள் அழைக்கும் காரை வெளியிட்டது. லியனார்டோ பியோரவந்தி பினின்பரீனாவுக்காக வரைந்தது. பன்னிரண்டு சிலிண்டர், 350 குதிரைச் சக்தி, மணிக்கு 280 கிலோமீட்டர். அந்த மூக்கின் மேல் மோகம் கொண்ட டேவிட் பேஷ் என்ற ஆங்கில டிஸைனர், 1976-ல் ரோவர் கம்பெனியின் பெரிய ஐந்து கதவுக் காருக்கு அதே சாயலைக் கொடுத்தார். அதற்கு எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சின், அழகுக்கேற்ற ஓட்டம். 1977-க்கு ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசும் பெற்றது. அந்த ரோவரைத்தான் 1985-ல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரோடு வெளியிட்டார்கள். அப்போது நம் சாலைகளில் மாருதி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெராரியின் பேரன் என்று சொல்லத்தக்க முகம். பார்த்தவர்கள் மயங்கிப் போனார்கள். பானெட்டைத் திறந்தால்?

உள்ளே இருந்தது 1940-களின் வான்கார்டு எஞ்சின். 1,991 ஸி.ஸி., 80 சொச்சம் குதிரைச் சக்தி. அதன் குடும்பத்து எஞ்சின்தான் பெர்குஸன் டிராக்டரில் ஏர் உழுதது. நான் அந்த எஞ்சினைப் பழிக்கவில்லை. அதன் ஜாதகத்தில் வேறொரு பக்கமும் உண்டு. 1953-ல், எட்டடித் தொட்டிக்குச் சக்கரம் வைத்தது போன்ற சின்ன டிரயம்ப் டி.ஆர்.2 காரில் இதே 1,991 ஸி.ஸி. எஞ்சினைப் போட்டு, ஜாகுவார் ஓடிய அதே ஜாபெக் ரஸ்தாவில் ஓட்டினார்கள். சுமார் 125 மைல் வேகம் காட்டிற்று. மார்கன் காரும் இதைத்தான் பூட்டிக்கொண்டு பந்தயம் ஓடியது. இலேசான உடலுக்குள் இருந்த வரையில் அது குதிரை. முப்பத்திரண்டு வருஷம் கழித்து, பெராரி முகமும் பெரிய வீட்டு உடம்பும் கொண்ட காருக்குள் திணித்தபோது, பாவம், அது வெறும் மாடாகிவிட்டது. குடிக்கிற பெட்ரோலுக்கு ஓட்டம் இல்லை; கேட்கிற விலைக்குச் சுகம் இல்லை. இந்தக் குற்றம் சென்னைக்கு மட்டும் உரியதல்ல. கல்கத்தாவில் காண்டெஸா என்று வாக்ஸால் உடலுக்குள் முதலில் அம்பாஸிடர் எஞ்சினைத்தான் வைத்து விற்றார்கள். இசுஸு எஞ்சின் பிறகுதான் வந்தது. ஸ்டாண்டர்டு 2000-க்கு அப்படி ஒரு மறுஜன்மம் கிடைக்கவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. கம்பெனியும் அதோடு எழுந்திருக்கவில்லை. அத்தனை தொழிலாளர் குடும்பங்களுக்கு அழகு, ஓட்டம் என்ற விவகாரம் வேடிக்கைப் பேச்சாக இருந்திராது.

பழைய கார்ப் பிரியர்கள் ஸ்டாண்டர்டு 2000-த்தைத் தேடிப் பிடித்து வேறு எஞ்சின் மாட்டி ஓட்டுவதும் உண்டு. ஹெரால்டுக்காரர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அதே எஞ்சின் போதும். பாகங்களுக்குத்தான் அலைய வேண்டும். இங்கிலாந்தில் ஸ்பிட்பயர் சங்கங்களும் கடைகளும் இன்னும் உயிரோடு இருப்பதால் பிழைப்பு ஓடுகிறது.

எங்கள் அண்ணாச்சியும் போன வருஷம் முன் சக்கரத்து மூட்டுக்கு, டிரன்னியன் என்பார்கள், லண்டனிலிருந்து தருவித்தார். அட்டைப் பெட்டியின் மேல் ஸ்பிட்பயர் என்று அச்சிட்டிருந்தது. பையன்தான் எடுத்துப் படித்துக் காட்டினான். "கிரீஸ் எடுத்துட்டு வரட்டா அண்ணாச்சி?" என்றான்.

"கிரீஸ் போட்டா ஒடஞ்சிரும். இதுக்கு கியர் ஆயில்தான்" என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி பானெட்டை ஒற்றைக் கையால் முன்பக்கமாகத் தூக்கிச் சாய்த்தார். சக்கரம், எஞ்சின், ரேடியேட்டர் எல்லாம் வெட்ட வெளிச்சத்தில் நின்றன. மாட்டி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.